வில்லங்கமில்லாத பத்திரம்

தம்பி, தப்பா நினைக்காதீங்க. நீங்க இப்ப போன்ல பேசுனது என் காதுல விழுந்துச்சு. ஒட்டுக்கேக்குற பழக்கம் எனக்குக் கிடையாது. பக்கத்து சீட்டுல உக்காந்துட்டுக் காதைப் பொத்திக்கிட்டா வர முடியும்? "சித்தப்பா மகன்தானே, அவன் பங்கை எழுதி வாங்கிக்கலாம், எல்லாம் பேசி முடிச்சாச்சு"ன்னு சொன்னீங்க பாருங்க, அதைக் கேட்டதும் எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. பேசி முடிச்சா முடிஞ்சிருமா? சொத்து விஷயம் தம்பி. சொந்தக்காரன்கிட்டதான் ரொம்பச் சூதானமா இருக்கணும். ஊரான் ஏமாத்துனா போலீசுக்குப் போகலாம். சொந்தக்காரன் ஏமாத்துனா அடுத்த கல்யாண வீட்டுல அவன் பக்கத்துலயே உக்காந்து சாப்பிடணும்.

நான் இன்னைக்கு அந்த வேலையை முடிச்சிட்டுத்தான் வர்றேன். இந்தா, மடியில இருக்கே ஃபைல், இதுதான். அருப்புக்கோட்டை பத்திர ஆபீஸ்ல இருந்து நேரா பஸ் ஸ்டாண்டு, அங்க இருந்து இந்த சீட்டு. மதுரை போற வரைக்கும் நேரம் இருக்கு, சொல்றேன் கேளுங்க. எனக்கு நடந்த மாதிரி உங்களுக்கு நடந்திரக்கூடாது.

என் பேரு பரமகுரு. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். கடைசி வரைக்கும் க்ளெய்ம் செக்ஷன். க்ளெய்ம்னா என்ன தெரியுமா? ஆள் செத்துப் போனா பணம் யாருக்குன்னு பாக்குறது. வாரிசு யாரு, மூத்த தாரம் இருக்கா, எங்கயாவது ஒரு பிள்ளையை மறைச்சிருக்காங்களா, எல்லாம் தோண்டித் துருவி எடுத்துருவேன். எத்தனையோ பேர் என் டேபிளுக்கு முன்னால நின்னு அழுதிருக்காங்க. "அழுகாதீங்கம்மா, விட்டுப்போன பேரைச் சேத்து எழுதிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிருவேன். வாரிசு விவரம் சரியில்லாத ஒரு பேப்பர் என்னைத் தாண்டிப் போனது கிடையாது. ஆபீஸ்ல என்னை என்னென்னமோ சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

எங்க அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில ஒரு வீடு. வீட்டை ஒட்டி மாவு மில். மில்லுக்கு முன்னால ரோட்டைப் பாத்த மாதிரி ஒரு தகரக் கொட்டகை. அப்பா உயில் எதுவும் எழுதல. அம்மா அவருக்கு முன்னாலயே போயிட்டாங்க. அப்பா காலத்துக்கு அப்புறம் என் தம்பி சீனிராஜ்தான் மில்லைப் பாத்துக்கிட்டு அதே வீட்டுல இருக்கான். நான் வேலைன்னு மதுரைக்கு வந்தவன், அங்கயே தங்கிட்டேன். அவனும் எதுவும் கேக்கல, நானும் கேக்கல. அப்படியே ஓடிருச்சு.

இப்ப என் மகள் ஓசூர்ல வீடு வாங்குறா. அவளுக்கு ஒத்தாசை பண்ணணும். சரி, நம்ம பாதியைத் தம்பிக்கே கொடுத்துருவோம்னு முடிவு பண்ணேன். வெளியாளுக்கு வித்தா நல்ல விலை வரும். ஆனா அவன் அங்க பொழைக்கிறான், அவனைப் போயி அலைக்கழிக்கக்கூடாது பாருங்க. எனக்கும் மனசு இருக்கு.

சொன்னதும் சீனி சந்தோஷமாத்தான் இருந்தான். "சரிண்ணே, மார்க்கெட்டு விலை என்னவோ அதைப் போட்டுக்க. லோனு கேட்டிருக்கேன், வந்ததும் கொடுத்துர்றேன். ஒரு பேப்பர்ல எழுதிக்குவோம்"னான்.

ஒரு பேப்பராம். நான் சொன்னேன், "டேய், அண்ணன் தம்பிங்கிறது வேற, பத்திரம்கிறது வேற. முதல்ல ஒப்பந்தம் போடணும். தாய்ப்பத்திரம் பாக்கணும். வில்லங்கம் போட்டுப் பாக்கணும். சர்வேயரை வச்சு அளக்கணும். பேங்கு வழியாத்தான் பணம், கையில வாங்குற பேச்சே கிடையாது."

"எதுக்குண்ணே இவ்வளவு? நீயும் நானும்தானே."

"நாளைக்கு உன் மகனும் என் மகளும் அடிச்சுக்கக்கூடாதுல்ல. அதுக்குத்தான்."

அவன் சம்சாரம் சுகுணா. நல்ல பொண்ணுதான், ஆனா இதெல்லாம் புரியாது. ஒப்பந்தத்தை டைப் அடிச்சு எடுத்துக்கிட்டு நான் போன அன்னைக்கு எனக்குப் பிடிக்கும்னு வாழைப்பூ வடை சுட்டு வச்சிருந்தா. இலை போட்டு உக்கார வச்சா. நான் இலைக்குப் பக்கத்துலயே பேப்பரை விரிச்சு, "சீனி, நீ ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ கையெழுத்துப் போடு. சுகுணா, நீ சாட்சிக் கையெழுத்து"ன்னேன். அவ கையெல்லாம் மாவு. சேலைத் தலைப்புல துடைச்சுட்டு வந்து, "இதுல என்ன அத்தான் எழுதியிருக்கு?"ன்னா. படிச்சுக் காட்டினேன். சொன்ன தேதிக்குள்ள சீனி பணம் கட்டலேன்னா மூணாம் நபருக்கு விக்க எனக்கு உரிமை உண்டு, அப்போ அவங்க வீட்டைக் காலி பண்ணித் தரணும்னு ஒரு வரி. எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கிற வரிதான் தம்பி. அவ கையெழுத்தைப் போட்டுட்டு உள்ள போயிட்டா. அப்புறம் வடையை வேற யாரோ மாதிரி கொண்டு வந்து வச்சிட்டுப் போனா. ரெண்டாவது தரம் வேணுமான்னு கேக்கல. ஒரு வரி தம்பி, ஒரே வரி. அதுக்குப் போயி இப்படியா?

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, காத்து காதுல அடிக்குது. ம், போதும்.

அப்புறம் வக்கீல்கிட்டப் போனோம். பொம்பளை வக்கீல். சின்ன வயசுதான், ஆனா தெளிவு. தாய்ப்பத்திரத்தைப் பாத்துட்டு, "உங்க அப்பாவோட வாரிசுச் சான்றிதழ் எங்க சார்?"னு கேட்டுச்சு. அது வாங்கவே இல்ல. "வாங்கணும் சார். கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?"

"நாங்க ரெண்டு பேருதான்"னேன்.

சீனி பக்கத்துல உக்காந்து ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தான். வெளிய வந்ததும், அதுவரைக்கும் எதுக்கெடுத்தாலும் எதுக்கு எதுக்குன்னுக்கிட்டு இருந்தவன், "நீ சொல்றதுதாண்ணே சரி. எல்லாத்தையும் முறைப்படியே செஞ்சிருவோம். வாரிசுச் சான்றிதழுக்கு நானே எழுதிப் போடுறேன்"னான். பரவாயில்லையே, இத்தனை வயசுக்கு அப்புறமாவது தம்பிக்கு நம்ம அருமை தெரியுதேன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. அன்னைக்கு அவனுக்கு நான்தான் காபி வாங்கிக் கொடுத்தேன்.

எழுதிப் போட்டா விசாரணைக்கு வி.ஏ.ஓ. வருவாரு. அக்கம்பக்கத்துல கேப்பாரு, இறந்தவருக்கு எத்தனை பிள்ளைங்கன்னு. வழக்கமா ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போயிருவாங்க. இவரு உத்தியோகத்துக்குப் புதுசு போல. வீடு வீடா ஏறி இறங்குறாரு. நானும் கூடவே போனேன். எதிர்த்த வீட்டுல ராமுத்தாய்னு ஒரு அம்மா. மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே படுத்துக் கிடக்கும், காது சரியா கேக்காது. அதுக்கிட்டயும் போயிக் கேட்டாரு.

"குருசாமி அண்ணாச்சிக்கா? மூணு பிள்ளை"ன்னுச்சு அந்தம்மா.

"ரெண்டும்மா. ரெண்டு பையன்"னு நான் சொன்னேன்.

"ரெண்டு பையன்தான். நடுவுல செண்பகவல்லி இல்ல? ஏன்ப்பா பரமகுரு, உன் தங்கச்சியை விட்டுட்டியே!"

அந்தம்மாவுக்குக் காதுதான் கேக்காது, வாய்க்கு ஒரு குறையும் இல்ல. தெருவே திரும்பிப் பாத்துச்சு. வி.ஏ.ஓ. எழுதிக்கிட்டாரு.

இப்ப நீங்களும் அப்படியே பாக்குறீங்க. சொல்றேன். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. செண்பகவல்லி. சீனிக்கு அக்கா. பஸ் டிரைவர் ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. வேற ஆளுங்க. அப்பா அன்னையில இருந்து இந்த வீட்டுல அவ பேரை யாரும் எடுக்கக்கூடாதுன்னுட்டாரு. அப்பா சொன்னா சொன்னதுதான். எடுக்கல. நான் அவளை ஒரு வார்த்தை திட்டினது கிடையாது, கேட்டுப் பாருங்க. அவளும் வரல, நாங்களும் போகல. அப்பா இருக்கும்போதே அவ காய்ச்சல்ல கிடந்து செத்துப் போயிட்டா. தகவல் வந்துச்சு. எனக்கு ஆபீஸ்ல ஆடிட் நேரம், லீவு போட முடியாது. ஆடிட்னா அப்படி, உங்களுக்குத் தெரியாது. அவளுக்கு ஒரு பொண்ணு இருக்குன்னு காதுல விழுந்திருக்கு. அத்தோட சரி. இதுல நான் மறைச்சேன்னு எங்க வருது? ஞாபகத்துல இல்லைங்கிறது வேற, மறைக்கிறது வேற.

வக்கீலம்மாகிட்டப் போனேன். "சார், உங்க அப்பாவுக்கு முன்னால தங்கச்சி இறந்திருந்தாலும் அவங்க பங்கு அவங்க பொண்ணுக்கு வரும். சொத்து மூணு பாகம். உங்களுக்குப் பாதி கிடையாது, மூணுல ஒன்னுதான்"னுச்சு. அப்புறம் சிரிக்காம ஒன்னு சொல்லுச்சு பாருங்க. "நீங்க க்ளெய்ம் செக்ஷன்ல இருந்தவரு. உங்களுக்குத் தெரியாததா?" இது என்ன பேச்சு? ஃபீஸ் கொடுக்குறவன்கிட்டப் பேசுற பேச்சா?

"அந்தப் பொண்ணு எனக்கு ஒன்னும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா?"

"விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாங்கன்னா பழையபடி ஆளுக்குப் பாதி. அவங்க மனசு வைக்கணும்."

அது போதும்னு நினைச்சேன். அதுக்கு ஒரு பத்திரத்தைத் தயார் பண்ணி எடுத்துக்கிட்டேன். விலாசத்தை வக்கீலம்மாகிட்ட சீனிதான் கொடுத்தான். அவனுக்கு எப்படித் தெரியும்னு அன்னைக்கு எனக்குத் தோணல பாருங்க. திண்டுக்கல். பேரு பூங்கோதை. டிரைவிங் ஸ்கூல் நடத்துறாளாம். பொம்பளைங்களுக்குக் கார் சொல்லிக் கொடுக்குறா. ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

நான் போனப்போ அவ ஒரு டீச்சரம்மாவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தா. ரோட்டோரம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிப் பாத்தா. "பெரிய மாமாவா? வாங்க. கிளாஸ் முடிய நேரமாகும். பின்னால ஏறிக்கோங்க, ஓடிக்கிட்டே பேசலாம்"னா.

பெரிய மாமான்னு எப்படிக் கண்டுபிடிச்சான்னு நான் யோசிக்கிறதுக்குள்ள வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்னுருச்சு. ஆப்பிள் எல்லாம் காலடியில.

"கிளட்சை மெதுவா விடணும் டீச்சர். பயப்படாதீங்க, எங்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு. நீங்க சொல்லுங்க மாமா."

எப்படித் தம்பி பேசுறது? முன்னால ஒரு அந்நியப் பொம்பளை, வண்டி முன்னால போகுதா பின்னால போகுதான்னே தெரியல. நான் ஆரம்பிச்சேன். தாத்தா சொத்து, மாவு மில்லு, சின்ன மாமா பொழப்பு, சட்டப்படி ஒரு சின்னக் கையெழுத்து, சும்மா ஃபார்மாலிட்டிதான், அலைச்சலுக்கு என்ன உண்டோ அதை நான் பாத்துக்கிறேன், அப்படி இப்படின்னு. அவ ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காம கேட்டுக்கிட்டே வந்தா. ஒரு புளியமரத்தடியில நிறுத்தச் சொல்லிட்டு, கையைப் பின்னால நீட்டினா. பத்திரத்தைக் கொடுத்தேன்.

வரி வரியாப் படிச்சா. டீச்சரம்மாவும் எட்டிப் பாத்துப் படிக்குது.

"அன்பினாலும் பிரியத்தினாலும் எனது பாகத்தை விட்டுக் கொடுக்கிறேன்னு போட்டிருக்கு. யார் மேல மாமா?"

"அது பத்திர வாசகம்மா. எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கும்."

"நான் உங்களை இன்னைக்குத்தானே பாக்குறேன்."

"சரிம்மா, அந்த வரியை வேணும்னா எடுத்துரச் சொல்றேன்."

"வேண்டாம் மாமா, அது இருக்கட்டும். நான்தான் கையெழுத்துப் போடப் போறதில்லையே." பத்திரத்தை மடிச்சுத் திருப்பிக் கொடுத்துட்டா. "எங்க அம்மா பங்கு எனக்கு வேணும்."

கோவமாச் சொல்லல. அதுதான் எனக்கு எரிச்சல். கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். காய்கறிக்காரன்கிட்ட கறிவேப்பிலை கேக்குற மாதிரி கேக்குறா.

"அந்த ஊரையே நீ பாத்ததில்ல. அதை வச்சு நீ என்னம்மா பண்ணப் போற?"

"உங்க பங்கை வித்து நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு நான் கேட்டேனா மாமா? டீச்சர், கண்ணாடி பாத்துட்டு வண்டியை எடுங்க."

அந்த டீச்சரம்மா அதுவரைக்கும் ஒரு தடவைகூட ஒழுங்கா வண்டியை எடுக்கல. அப்ப மட்டும் வெண்ணெய் மாதிரி எடுத்துச்சு.

இறக்கி விடும்போதுதான் சொல்றா, "ஊரைப் பாத்ததில்லன்னு யார் சொன்னா? சின்ன மாமா வீட்டுக்கு ரெண்டு மூணு தடவை வந்திருக்கேன். என் கல்யாணத்துக்குத் தாய்மாமனா நின்னது அவருதான். சுகுணா அத்தைதான் எனக்குத் தலை பின்னி விட்டாங்க. நீங்க வருவீங்கன்னு நேத்தே போன் பண்ணிச் சொன்னாரு."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க. நேரா அருப்புக்கோட்டைக்குப் போனேன். மில்லு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்தச் சத்தத்துல கத்தித்தான் கேட்டேன்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

அவன் சுவிட்சை அணைச்சுட்டு வந்தான். மீசையெல்லாம் மாவு. "நீ கேக்கலையேண்ணே"ன்னான்.

"அப்பா பேச்சை மீறி இத்தனை வருஷமாப் போய் வந்திருக்க?"

"அக்காண்ணே அது."

"சரி, போ, வா. எனக்கென்ன? ஆனா சொத்துல பங்கு போகும்னு உனக்குத் தெரியும்ல? அதை முதல்லயே சொல்லியிருந்தா நான் வக்கீல்கிட்டயே போயிருக்க மாட்டேனே!"

"அதாண்ணே சொல்லல."

அவன் தரையைப் பாத்துக்கிட்டே மெதுவாச் சொன்னான் தம்பி. "ஒரு பேப்பர்ல எழுதி முடிச்சிரலாம்னுதான் நானும் முதல்ல நினைச்சேன். அக்கா பங்குக்கு உண்டானதை அப்புறமா என் பாட்டுல கோதைக்குச் செஞ்சுக்கலாம்னு இருந்தேன். அன்னைக்கு வக்கீல் கேட்டப்போ ரெண்டு பேருதான்னு பட்டுன்னு சொன்ன பாரு, அதுதான் எனக்குத் தாங்கல. முறைப்படி போனா அக்கா பேரு தானா வரும். நான் சொன்னா நீ சண்டைக்கு வருவ. சர்க்கார் சொன்னா கேட்டுக்குவ."

"உனக்கும்தானேடா பாதி போயி மூணுல ஒன்னு ஆகுது!"

"ஆமாண்ணே"ன்னான். அவ்வளவுதான். ஆமாண்ணேன்னுட்டு சுவிட்சைப் போட்டுட்டான்.

இதை எங்க போய்ச் சொல்றது? நான் கூட்டிக்கிட்டுப் போன வக்கீல், நான் கட்டுன ஃபீஸ், நான் அலைஞ்ச அலைச்சல். எல்லாத்துலயும் உக்காந்துக்கிட்டு எனக்கே குழி வெட்டியிருக்கான். சாதுன்னு நினைச்சோம் பாருங்க. நான் பத்திரமா இருக்கணும்னு சேத்து வச்ச பேப்பர் ஒவ்வொன்னும் அந்தப் பொண்ணுக்குச் சாட்சியாப் போச்சு.

கொஞ்ச நாள் நான் விட்டுக் கொடுக்கல. கேஸ் போடுவேன்னேன். "போடலாம் சார், தோத்துருவீங்க"ன்னுச்சு வக்கீலம்மா. என் சம்சாரம்கூட, "உங்க தங்கச்சி பொண்ணுதானே, விடுங்களேன்"னா. மகள் போன் பண்ணி வீட்டுக்கு முன்பணம் கட்டணும், எப்பப்பா முடியும்னு தினமும் கேக்குறா. அவகிட்ட விவரத்தைச் சொன்னேன். "எனக்கு ஒரு அத்தை பொண்ணு இருக்காளா? ஏன்ப்பா சொல்லவே இல்ல?"ன்னு அதையே பிடிச்சுக்கிட்டா. நான் சொத்தைப் பத்திப் பேசுறேன், அவ சொந்தத்தைப் பத்திக் கேக்குறா. நம்பர் வாங்கிப் பேசிட்டாளாம் வேற. என் பக்கம் நின்னு பேச ஒரு ஆள் இல்ல தம்பி. நியாயம் கேக்குறவன் எப்பவும் தனியாத்தான் நிக்கணும்.

சரின்னு ஒத்துக்கிட்டேன். வேற வழி? வாரிசுச் சான்றிதழ் மூணு பேரோட வந்துச்சு. என் மூணுல ஒரு பங்கைச் சீனிக்கு எழுதிக் கொடுக்கிறதுன்னு ஆச்சு. கோதை விக்கல. அவ பங்கை அப்படியே வச்சிக்கிறா. ரோட்டைப் பாத்த அந்தத் தகரக் கொட்டகையில டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு கிளை போடப் போறாளாம். மாமனும் மருமகளும் பேசி வச்சிருக்காங்க. "அருப்புக்கோட்டையில பொம்பளைங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லண்ணே, நல்லா ஓடும்"ங்கிறான் சீனி, என்னமோ நான் கேட்ட மாதிரி.

இன்னைக்கு ரிஜிஸ்தர். நான் காலையிலயே போய் உக்காந்துட்டேன். அவங்க எல்லாரும் ஒன்னா அந்த டிரைவிங் ஸ்கூல் கார்ல வந்து இறங்குறாங்க. முன்னாலயும் பின்னாலயும் சிவப்புல எல் போர்டு. சீனி ஓட்டிக்கிட்டு வர்றான்! பைக்கைத் தவிர எதையும் தொடாதவன். "பழகுறேண்ணே"ன்னு பல்லைக் காட்டுறான். சுகுணா பின் சீட்டுல இருந்து பெரிய கேரியரைத் தூக்கிக்கிட்டு இறங்குறா.

உள்ள கூப்பிட்டாங்க. இப்பல்லாம் பத்திர ஆபீஸ்ல போட்டோ எடுக்குறாங்க, மிஷின்ல பெருவிரல் வைக்கச் சொல்றாங்க. என் விரல் பதியவே மாட்டேங்குது. துடைச்சு வைக்கிறேன், அழுத்தி வைக்கிறேன், வேற விரலை வைக்கிறேன். மிஷின் என்னை ஒத்துக்க மாட்டேங்குது. பின்னால வரிசையில நிக்கிறவன் உச்சுக் கொட்டுறான். கோதை வந்து என் கையைப் பிடிச்சு, உள்ளங்கையை நல்லா சூடு வர்ற மாதிரித் தேச்சு விட்டா. "வயசானவங்களுக்கு இப்படித்தான் மாமா. என்கிட்ட லைசென்ஸ் எடுக்க வர்றவங்களுக்கும் ஆகும்"னா. அப்புறம் பதிஞ்சிருச்சு. வயசானவங்களாம்.

அதிகாரி பத்திரத்தைப் படிச்சாரு. "இன்று முதல் மேற்படி சொத்தில் எனக்கோ எனது வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பாத்தியதையும் கிடையாது. சம்மதமா?"ன்னு கேட்டாரு. அது வழக்கமான வாசகம் தம்பி. எழுதும்போது நானே சரிபாத்தது. ஆனா ஒரு ஆள் சத்தமாப் படிச்சுக் கேக்கும்போது கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு. ஏ.சி. ஒத்துக்கல போல. "சம்மதம்"னேன். கேக்கலைன்னாரு. மறுபடி சொன்னேன்.

கையெழுத்துப் போட்டதும் அவரு என்னைப் பாத்து, "உங்க வேலை முடிஞ்சது சார், நீங்க கிளம்பலாம். சொத்துக்காரங்க ரெண்டு பேரும் மட்டும் இருங்க, பட்டா மாத்த மனுவுல கையெழுத்து வேணும்"னாரு. சீனியும் கோதையும் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. நான் வெளிய வந்துட்டேன்.

வெளிய வேப்பமரத்தடியில சுகுணா கேரியரைப் பிரிச்சுக்கிட்டு இருந்தா. "சாப்பிட்டுப் போங்கத்தான்"னா. எனக்கும் சேத்துத்தான் கொண்டு வந்திருந்தா, தட்டு எண்ணிப் பாத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுட்டேன். பஸ் என்ன பஸ், நிமிஷத்துக்கு ஒன்னு போகுது. இருந்தாலும் அந்த நேரத்துல எப்படிச் சாப்பிடுறது?

அதுக்குள்ள கோதை வெளிய வந்துட்டா. "வாங்க மாமா, பஸ் ஸ்டாண்டுல விடுறேன்"னு அவளே காரை எடுத்தா. வழியில மில்லைத் தாண்டித்தான் வரணும். அந்தத் தகரக் கொட்டகைக்கு ரெண்டு பேரு பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நீலம். அப்பா இருந்தா நீலம் அடிக்க விடுவாரா? நான் திரும்பிப் பாக்கல. பாத்ததுனாலதான் நீலம்னு தெரியும்கிறீங்களா? கண்ணு போகத்தானே செய்யும்.

இறங்கும்போது என்ன சொன்னா தெரியுமா? "மாமா, தீபாவளிக்கு அத்தையைக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வாங்க. நாங்களும் இங்கதான் இருப்போம்."

நம்ம வீட்டுக்கு! எங்க அப்பா கட்டுன வீடு தம்பி. நான் பிறந்த வீடு. அதுக்குள்ள என்னை வாங்கன்னு இவ கூப்பிடுறா. இப்ப நான் போகணுமா, வேண்டாமா? போனா விருந்தாளி. வந்தவருக்குத் தண்ணி கொடுங்கன்னு அவ சொல்லுவா, நான் வாங்கிக் குடிக்கணும். போகலேன்னா, அந்தப் பெரிய மாமா அப்படித்தான்னு அதுக்கும் ஒரு பேச்சு. பாப்போம்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். வேற என்ன சொல்ல?

மண்டேலா நகர் வந்திருச்சா? நீங்க இங்கயா இறங்குறீங்க? சரி சரி, பாத்து இறங்குங்க. நான் சொன்னதை மறந்துராதீங்க தம்பி. எவ்வளவு மனஸ்தாபம் ஆனாலும் பேப்பர்ல மட்டும் விட்டுக் கொடுத்துராதீங்க. என்னைப் பாருங்க. ஆயிரம் கஷ்டம் பட்டேன், ஆனா பத்திரம் பக்கா. ஒரு ஓட்டை கிடையாது. இனிமே எந்தக் காரணத்துக்காகவும் அந்த ஊர்ல இருந்து ஒருத்தரும் என்னைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்ல.